ஃபைனல் ஃபேண்டஸி தன்னை மாற்றிக்கொண்டே இருப்பது வரமா, சாபமா? ‘சாபமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயம் சொன்னார். 1987-இல் தொடங்கிய இந்த ஜப்பானிய ஆர்பிஜி, அதாவது பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம் தொடர், 16 பாகம் வரை வந்து நிற்கிறதென்றால், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாகச் செய்வதுதான் காரணம் என்றார். அதனால்தான் புது ஆள் எந்தப் பாகத்திலும் நுழைய முடிகிறது என்றார். 14-ஆம் பாகம் செத்துப் பிழைத்ததே மாற்றத்தால்தான் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மாற்றமே கூடாது என்று எங்கள் அணி சொல்லவில்லை. கதை மாறட்டும், உலகம் மாறட்டும், நாயகன் மாறட்டும். ஆனால் ஒரு சண்டை முறையில் இரண்டு ஓட்டை இருந்தால் அந்த இரண்டை அடைக்காமல், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறார்களே, அதைத்தான் சாபம் என்கிறோம். முறை போவது மட்டுமல்ல, அதில் கற்ற பாடமும் கூடவே போய்விடுகிறது.

இந்தப் பழக்கம் 1988-இல், இரண்டாம் பாகத்திலேயே ஆரம்பம். லெவலை எடுத்துவிட்டு, எதைப் பயன்படுத்துகிறோமோ அதுவே வளரும் என்று வைத்தார்கள். வாள் வீசினால் வாள் திறன் ஏறும், மந்திரம் போட்டால் மந்திரம் ஏறும். நல்ல யோசனைதான். ஆனால் ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, ஏற வேண்டுமானால் சண்டையில் நன்றாக அடிபட்டிருக்க வேண்டும். எதிரி போதுமான அளவு அடிக்கவில்லையா? சொந்த ஆளையே வெட்டு! ஒரு சோப்ளாங்கி எதிரியை மட்டும் உயிரோடு விட்டுவைத்துவிட்டு, அணியே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதுதான் ரசிகர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி. முதலில் வந்த ஃபேமிகாம் கருவிப் பதிப்பில் இன்னொரு கூத்தும் உண்டு. கட்டளையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரத்து செய்தாலே, பயன்படுத்தியதாகக் கணக்கில் ஏறிவிடும். திருத்தக்கூடிய குறைகள்தானே இவை? 1990-இல் மூன்றாம் பாகம் வந்தபோது அந்த முறையே இல்லை. அதை வடிவமைத்த அகிதோஷி கவாஸு, யோசனையைச் சாகா என்ற வேறொரு கேம் தொடருக்குக் கொண்டுபோய் அங்கே வளர்த்தார்.

1999-இல் வந்த 8-ஆம் பாகத்துக்கு வருவோம். ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்ளும் பாகம் இது. இதில் மந்திரத்துக்குச் செலவாகும் எம்பி புள்ளி கிடையாது. எதிரியிடமிருந்து மந்திரத்தை ‘ட்ரா’ செய்து, அதாவது உறிஞ்சி, சேர்த்து வைக்க வேண்டும். ஒரு மந்திரம் ஓர் ஆளிடம் அதிகபட்சம் 100. அதைப் பலம், ஹெச்பி, வேகம் என்று ஏதாவது ஒன்றோடு ‘ஜங்ஷன்’ செய்தால் அந்த அளவு ஏறும். கேட்கவே இனிக்கிறது. சிக்கல் எங்கே? பலத்தோடு கோத்த மந்திரத்தைச் சண்டையில் போட்டால் கையிருப்பு குறையும், பலமும் சேர்ந்து குறையும். அப்புறம் எவர் நல்ல மந்திரத்தைப் போடுவார்? போதாததற்கு, நம் அணியின் சராசரி லெவல் ஏற ஏற எதிரியின் லெவலும் ஏறும். உழைத்து லெவல் ஏற்றியவருக்குக் கிடைத்த பரிசு, இன்னும் முரட்டு எதிரி!

விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? துணைக்கு வரும் குவெசகோட்டல் என்ற காவல் சக்திக்கு ‘கார்ட்’ (எதிரியை அட்டையாக்குவது), ‘கார்ட் மாட்’ (அட்டையைப் பொருளாக்குவது), ‘டி மேக்-ஆர்எஃப்’ (பொருளை மந்திரமாக்குவது) ஆகிய மூன்று திறனையும் கற்றுக்கொடுப்பார். எதிரியைக் கொல்லாமல் ஹெச்பியைக் குறைத்துவிட்டு அட்டையாக மாற்றினால் அனுபவப் புள்ளி வராது, திறன் வளர்க்கும் ஏபி புள்ளி மட்டும் வரும். லெவல் அப்படியே நிற்கும், திறன்கள் மட்டும் வளரும். அபிஸ் வார்ம் அட்டை ஒன்றை மாற்றினால் விண்ட்மில் என்ற பொருள் ஒன்று கிடைக்கும். ஒரு விண்ட்மில்லுக்கு 20 டொர்னேடோ மந்திரம். ஆக, ஐந்து அட்டைக்கு 100 டொர்னேடோ. ‘ட்ரா’ பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் தேய வேண்டாம். இப்படி ஒரு பட்டறையை வேறெந்த ஆர்பிஜியில் பார்த்தீர்கள்? அந்த இரண்டு விதியை மட்டும் திருத்தி இன்னொரு முறை கொடுத்திருந்தால் தொடரின் உச்சமே அதுவாக இருந்திருக்கும். 2000-இல் 9-ஆம் பாகம் வந்தது, ஜங்ஷனைக் காணோம்.

நடுவர் அவர்களே, 2006-இல் வந்த 12-ஆம் பாகத்தின் கேம்பிட் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க அனுமதி வேண்டும். தோழர்கள் சண்டையில் தாமாக என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் முறை இது, ஒருவருக்கு அதிகபட்சம் 12 வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு நிபந்தனை, ஒரு செயல். மேலே இருக்கும் வரிக்கே முன்னுரிமை. முதல் வரியில் ‘தோழர் எவரேனும்: ஃபீனிக்ஸ் டவுன்’ என்று போடலாம், விழுந்தவரை எழுப்பும் பொருள் அது, யாராவது விழுந்தால் மட்டுமே வேலை செய்யும். இரண்டாவது, ‘ஹெச்பி 50 சதவீதத்துக்குக் கீழே போன தோழர்: கியூரா’, அதாவது குணமாக்கும் மந்திரம். மூன்றாவது, ‘தலைவர் குறிவைத்த எதிரி: தாக்கு’. இப்போது அந்தத் தாக்கு வரியைத் தூக்கி முதலில் வைத்துப் பாருங்கள். தலைவர் ஓர் எதிரியைக் குறிவைத்திருக்கும் வரை அந்த நிபந்தனை பொருந்திக்கொண்டே இருக்கும். கியூராவுக்கு முறையே வராது. மருந்து கையில் இருக்கும்போதே அணி அடித்துக்கொண்டே சாகும். தப்பு வரிசை போட்டவருடையது. மெனுவைத் திறந்து அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று சொல்லிக்கொடுக்கும் முறை அது.

அதில் குறையே இல்லையா? தாராளமாக உண்டு. நிபந்தனைகளைக் கடையில் துண்டு துண்டாக வாங்க வேண்டும். ஸோடியாக் ஸ்பியர் என்ற ஈட்டிக்கு வைத்த விதியோ அக்கிரமம்: வழியில் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளில் ஒன்றைத் திறந்துவிட்டாலும் அது இருக்கும் பெட்டி கைநழுவிவிடும். எந்த நான்கு என்று ஆட்டத்துக்குள் ஒருவரும் சொல்ல மாட்டார்! 2017-இல் வந்த, 12-இன் தி ஸோடியாக் ஏஜ் மறுபதிப்பில் அந்த விதி இல்லை, ஆட்டத்தை நான்கு மடங்கு வேகம் வரை ஓட்டவும் முடியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஓட்டையை அடைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் அசல் தொடரில் அடுத்து வந்தது என்ன? 2009-இல் 13-ஆம் பாகம். தோழர்கள் என்ன செய்ய வேண்டும் என்று வரி எழுதும் உரிமை போயிற்று. பாரடைம் என்ற வேடத் தொகுப்பை மாற்றி அவர்களுக்கு வேடம் மட்டும் கொடுக்கலாம். அதைக்கூட மன்னிக்கலாம். 12-இல் தலைவர் விழுந்தால் இன்னொருவரைத் தலைவராக்கிச் சண்டையைத் தொடரலாம். 13-இல் தலைவர் விழுந்தால், பக்கத்திலேயே உயிர்ப்பிக்கத் தெரிந்த மெடிக் நின்றாலும், ஆட்டம் முடிந்தது! மூன்றே வருடத்தில் மறந்த பாடம் இது. 2011-இல் அதன் தொடர்ச்சியான 13-2 வந்து தலைவரை மாற்றும் வசதியைத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று.

13-இல் நல்லதும் இருந்தது, மறைக்க மாட்டேன். ஸ்டாகர் முறை அபாரம்: எதிரியின் பட்டையை நிரப்பினால் அவர் நிலைகுலைந்து அதிக அடி வாங்குவார். ராவேஜர் என்ற வேடம் அடித்தால் எதிரியின் பட்டை வேகமாக ஏறும், அதே வேகத்தில் இறங்கிவிடும். கமாண்டோ என்ற வேடம் அடித்தால் இறங்கும் வேகம் குறையும். ஒரு கமாண்டோ, இரண்டு ராவேஜர் என்று தொடங்குவது அதனால்தான். கமாண்டோ இல்லாமல் மூன்று ராவேஜரை இறக்கினால், அடி கொஞ்சம் இடைவெளி விட்டாலே ஏற்றிய பட்டை காலி. இவ்வளவு நேர்த்தியான யோசனை, 11-ஆம் அத்தியாயம் வரை நீளும் ஒற்றை வழி நடைபாதைக்குள் மாட்டிக்கொண்டதுதான் வயிற்றெரிச்சல்.

எதிரணியினர் அடுத்து 2020-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். வாருங்கள், அது எங்கள் சாட்சி! 1991-இல் 4-ஆம் பாகம் கொண்டுவந்த ஏடிபி முறை, அதாவது நேரம் நிரம்பியதும் செயல்படும் முறை, அதில் இருக்கிறது. 1997-இல் வந்த அசல் 7-இன் மெட்டீரியா, அதாவது ஆயுதத்தில் பதிக்கும் மந்திரக் கற்கள், இருக்கிறது. 13-இன் ஸ்டாகர் இருக்கிறது. 2016-இல் வந்த 15-இல் போஷன் என்ற மருந்தைக் குடிக்க மெனுவைத் திறந்தால் சண்டை அப்படியே நின்றுவிடும். கையில் சரக்கு இருக்கும் வரை சாவு பயமே கிடையாது. ரீமேக்கில் போஷன் குடிக்கவும் ஏடிபியில் ஒரு கட்டம் செலவாகும். அந்தக் கட்டம் தானாக மெல்லத்தான் நிரம்பும், அடித்தால்தான் வேகமாக நிரம்பும். இதுவல்லவோ பாடம் படிப்பது! பழையதைச் சேர்த்துச் செய்தார்கள், ருசித்தது.

புது ஆள் எந்தப் பாகத்திலும் நுழையலாம் என்றாரே நண்பர், அது கதை தனித்தனியாக இருப்பதால். சண்டை முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2003 முதல் ஒரே நிறுவனத்தின் கூரைக்குக் கீழே இருக்கும் டிராகன் குவெஸ்ட் என்ற இன்னொரு ஆர்பிஜி தொடரைப் பாருங்கள். 1986-இல் முறை வைத்து அடித்தார்கள், 2017-இல் 11-ஆம் பாகத்திலும் முறை வைத்துத்தான் அடித்தார்கள். அங்கே புது ஆள் நுழையவில்லையா?

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் 14-ஆம் பாகம்? 2010-இல் விழுந்தது, 2012-இல் சர்வரை மூடினார்கள், 2013-இல் நவோகி யோஷிதா தலைமையில் மறுபடி எழுந்தது. ஒப்புக்கொள்கிறேன், அந்த ஒரு முறை இடித்துக் கட்டியதுதான் சரி. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதை நண்பர் வசதியாக விட்டுவிட்டார். அடித்தளத்தைத் தொடவே இல்லை. 2017-இல் வேறு வகுப்பிடமிருந்து கடன் வாங்கும் குறுக்கு வகுப்புத் திறன்களை எடுத்துவிட்டுப் பங்குக்கான பொதுத் திறன்களாக்கினார்கள். 2019-இல் திறன்களுக்குச் செலவாகும் டிபி பட்டையை நீக்கினார்கள். 2021-இல் பாத்திரங்கள் அணியும் இடைவாரையே தூக்கினார்கள். ஒரே வீட்டை வருடக்கணக்கில் பழுதுபார்த்ததால்தான் 2024-இல் டான்ட்ரெயில் என்ற விரிவாக்கம் வரை வந்து நிற்கிறது.

நடுவர் மணியடிக்கக் கை நீட்டுவது தெரிகிறது. அடுத்துப் பேச வரும் நண்பருக்கு ஒரே கேள்வி. பனி எதிரிக்கு நெருப்பை வீசினால் கூடுதல் அடி விழும் என்பது இந்தத் தொடரின் அரிச்சுவடி. 2023-இல் வந்த 16-ஆம் பாகத்தில் எரியும் எதிரிமேலும் அதே நெருப்பு, பனி எதிரிமேலும் அதே நெருப்பு, இரண்டுக்கும் ஒரே அடி. இதில் ஆட்டக்காரருக்குக் கிடைத்த வரம் எது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.