எக்ஸ்ரேயில் பந்து இடம் மாறியிருக்கிறதே, அக்கா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

அப்படியே வாசிக்கிறேன். "அக்கா, அம்மாவுக்கு 68 வயசு. மீன் வியாபாரம். வலது தோளில் ரிவர்ஸ் ஷோல்டர் ரீப்ளேஸ்மென்ட் என்கிற தோள் மாற்று ஆபரேஷன் செய்து இரண்டு மாசம் ஆகிறது. கை இன்னும் தோள் உயரத்தைத் தாண்டவில்லை. மச்சான் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பந்து இருக்க வேண்டிய இடத்தில் கிண்ணமும் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் பந்தும் இருக்கிறது, மாற்றி மாட்டிவிட்டார்கள் என்கிறார். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். உங்கள் வீடியோவில் காட்டிய துண்டுப் பயிற்சியை அம்மாவுக்குச் செய்ய வைக்கிறோம். வேறு என்ன பயிற்சி கொடுக்கலாம்?"

தம்பி, மச்சான் சொன்னதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் துண்டைக் கீழே வையுங்கள். இன்றைக்கே, இந்த வீடியோ முடிவதற்கு முன்னாலேயே.

துண்டுப் பயிற்சியை நான் காட்டியது ஃப்ரோசன் ஷோல்டர் பற்றிப் பேசியபோது. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போகிற நோய். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அதில் மூட்டு அவரவருடையது, இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் வேலை. அதனால் துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து, மேல் கையால் இழுத்து, கீழ்க் கையை முதுகில் ஏற்றச் சொன்னேன். ரிவர்ஸ் ஆபரேஷன் ஆன தோளில் இதையே செய்தால் என்ன ஆகும்? கை பின்னால் போகிறது, உடம்போடு ஒட்டுகிறது, உள்பக்கமாகத் திரும்புகிறது. இந்த மூன்றும் ஒன்றுசேர்கிற நிலையில்தான் புது மூட்டு கழன்று விலகுவதற்கு வாய்ப்பு அதிகம். முதல் மூன்று மாதம் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். அம்மா இன்னும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் இருக்கிறார்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்கிற ஒரே வாசகம்: முழங்கை கண்ணுக்குத் தெரியணும். நேராகப் பார்த்தபடி இருக்கும்போது, ஆபரேஷன் ஆன கையின் முழங்கை ஓரக்கண்ணிலாவது படவேண்டும். படவில்லை என்றால் கை பின்னால் போய்விட்டது, முன்னால் கொண்டுவாருங்கள். உட்கார்ந்தாலும் படுத்தாலும் துணி மாற்றினாலும் இதே கணக்குதான்.

சரி, இப்போது மச்சான் பார்த்த எக்ஸ்ரே. அவர் பார்த்தது சரிதான், பந்தும் கிண்ணமும் இடம் மாறித்தான் இருக்கின்றன. ஆனால் அது தவறு இல்லை, இந்த ஆபரேஷனே அதுதான்.

பிறவித் தோளில் மேல்கை எலும்பின் தலை பந்தாகவும், தோள்பட்டை எலும்பின் ஓரம் ஆழமில்லாத ஒரு குழியாகவும் இருக்கும். அந்தப் பந்தைக் குழியிலேயே நிறுத்தி வைப்பவை ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகள். தோளுக்கு மேலே உருண்டையாகத் தெரிகிறதே டெல்டாய்டு, கையைத் தூக்குகிற பெரிய தசை அது. நம் பக்கத்துத் தெருக்களில் அடி பம்பு அடிக்காதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பிடியை அழுத்தினால் தண்ணீர் வருவதற்குக் காரணம், நடுவில் ஓர் ஆணி அதை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருப்பதுதான். ஆணி தேய்ந்து லொடலொடத்துப் போனால் பிடி மொத்தமாக ஆடும், தண்ணீர் ஏறாது. நான்கு தசைகளும் கிழிந்த தோளும் அப்படித்தான். டெல்டாய்டு பலமாக இழுக்கும், ஆனால் கை உயராமல் பந்து மட்டும் மேலே ஏறி, தோள் முனை எலும்பில் இடிக்கும். நரம்பு நன்றாக இருந்தும் கையைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள்.

பிரான்ஸில் பால் கிராமோன் என்கிற எலும்பு மருத்துவர் 1985-இல் இதற்கு ஒரு வழி செய்தார். பந்தைத் தோள்பட்டை எலும்பில் பொருத்தினார், கிண்ணத்தைக் கையெலும்பில் பொருத்தினார். அவருக்கு முன்னாலும் இப்படி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சுழலும் மையம் வெளியே தள்ளி இருந்ததால் பொருத்திய பாகம் சீக்கிரமே ஆட்டம் கண்டது. கிராமோன் அந்த மையத்தை உள்பக்கமாகவும் கீழாகவும் நகர்த்தினார். ஆணி இறுகியது. டெல்டாய்டும் கொஞ்சம் நீட்டி இழுக்கப்பட்டதால், கிழிந்த தசைகள் இல்லாமலே கையைத் தூக்க முடிந்தது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2003-இன் கடைசியில்தான். சாதாரண தோள் மாற்று எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் மச்சானுக்கு வந்த சந்தேகம்தான் வரும். வீட்டில் ஒருவராவது எக்ஸ்ரேயை உற்றுப் பார்க்கிறாரே, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இரண்டு மாதத்தில் தோள் உயரம்வரை கை வருகிறது என்றால் அது நல்ல சேதி, தம்பி. பொதுவாக முதல் 4 முதல் 6 வாரம் கை தூளியில் இருக்கும். ஆறு வாரத்துக்கு அப்புறம்தான் தானாகத் தூக்கிப் பழகவே ஆரம்பிப்பார்கள். பலம் ஏற்றுகிற பயிற்சி 12 வாரத்துக்குப் பிறகு. ஒரு வருடம் வரைக்கும் முன்னேற்றம் வந்துகொண்டே இருக்கும். நன்றாகத் தேறியவர்களுக்குக் கை 120, 140 டிகிரி வரை போகும். நெட்டுக்குத்தாகக் காதை ஒட்டி எல்லோருக்கும் போய்விடாது. ஆபரேஷன் செய்த டாக்டர் எலும்பின் நிலையைப் பார்த்து இந்தக் கணக்கை முன்னே பின்னே வைப்பார். அவர் சொன்னதுதான் உங்களுக்குக் கணக்கு.

உயரம் என்றதும் பெரம்பூரில் ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதே ஆபரேஷன். வீட்டில் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கோடும் முந்தையதைவிட ஒரு நூல் மேலே, பக்கத்தில் தேதி. ஃபிட்டர் ஆயிற்றே, அளவு சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாக ஃபோட்டோ காட்டினார். கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். தூக்கினார். கோடு ஏறியது உண்மைதான், கூடவே தோளும் காது வரைக்கும் ஏறியிருந்தது. உடம்பையும் மறுபக்கம் சாய்த்துவிட்டார். டெல்டாய்டுக்கு வேலையே கொடுக்காமல் கழுத்துத் தசையால் கோட்டைப் பிடித்திருக்கிறார். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தோள் ஏறாமல் எவ்வளவு தூரம் கை வருகிறதோ அவ்வளவு போதும் என்று ஆரம்பித்தோம். கோடு ஒரு ஜாண் இறங்கிப்போயிற்று, முகம் வாடிவிட்டார். ஆனால் தானே சவரம் செய்துகொள்ளவும் மேல் தட்டிலிருந்து மாத்திரை டப்பாவை எடுக்கவும் முடிந்தது அதற்குப் பிறகுதான்.

அம்மாவுக்கும் அதையே பாருங்கள். கை தூக்கும்போது தோள் காதுக்குப் போகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். இழுத்துத் தூக்கிவிடுவது மட்டும் வேண்டாம். எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன், உருவிவிடுகிறேன் என்று அக்கம்பக்கத்தில் யாராவது வருவார்கள். அன்பாகத்தான் வருவார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், தோளில் கை வைக்க விடாதீர்கள்.

முழங்கை கண்ணுக்குத் தெரியணும் என்றேன் இல்லையா, அது வீட்டில் எங்கெல்லாம் தவறுகிறது தெரியுமா? ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தாளில் பேன்ட்டுக்குள் சட்டையைச் செருகாதீர்கள் என்று போட்டிருக்கும். நம் அம்மாக்கள் எங்கே சட்டை செருகுகிறார்கள்? அவர்களுக்கு ஆபத்து புடவையைப் பின்னால் செருகும்போதுதான். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கையில், பின்னால் கையை ஊன்றும்போது. இரவில் மல்லாந்து படுக்கும்போது முழங்கை மெத்தையில் பின்னால் சரிகிறதே, அப்போது. முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் அது சரியாகிவிடும். கொஞ்ச நாளைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி போடட்டும். போடும்போது ஆபரேஷன் ஆன கை முதலில், கழற்றும்போது அந்தக் கை கடைசியில்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு பாட்டி, இடது தோளில் ஆபரேஷன். எல்லாப் பயிற்சியும் ஒழுங்காகச் செய்கிறவர், ஒவ்வொரு நாள் காலையும் தோள் முன்பக்கம் சுருக்கென்று வலிக்கிறது என்றார். கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், கழிவறையில் கழுவும்போது. இடது கை பின்னால் வளைந்து, உள்பக்கம் திரும்புகிறது. துண்டுப் பயிற்சியின் அதே நிலை! மருமகளிடம் சொல்லக் கூச்சம். ஒரு ஹேண்ட் ஷவர் மாட்டி, மூன்று மாதம் மற்றக் கையால் கழுவப் பழகச் சொன்னோம். அதோடு அந்த வலி போயிற்று. இடது கையில் ஆபரேஷன் என்றால், வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே இதைப் பேசிவிடுங்கள். கூச்சப்பட்டு மூட்டு விலகினால் மறுபடி ஆஸ்பத்திரிதான்.

அக்குள் விஷயமும் உண்டு. நம் ஊர் வெயிலில் கை உடம்போடு ஒட்டியே இருந்தால் வியர்த்துத் தோல் வெந்துபோகும். இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டால் அக்குள் தானாகத் திறக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து உலரவிடுங்கள். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டாம்.

உடனே டாக்டரிடம் போகவேண்டிய நேரங்களைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று வலித்து, நேற்றுவரை தூக்கிய கையை இன்று தூக்க முடியவில்லை என்றால். தோளின் வடிவம் மாறியிருந்தால். தையல் போட்ட இடம் சிவந்தாலோ நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ. எலும்பு பலம் குறைந்து மெலிந்தவர்களுக்கு, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தோள் முனையில் புதிதாக ஒரு வலி வரும். அங்கே மெல்லிய விரிசல் இருக்கலாம். அதை வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

தம்பி, உங்கள் கடிதத்திலேயே மனசு நிற்கிறது என்றேன். அதற்குக் காரணம் துண்டு மட்டும் இல்லை. அதில் நீங்கள் பேசுகிறீர்கள், மச்சான் பேசுகிறார், டாக்டர் பேசுகிறார். அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் எத்தனை ராத்திரி உட்கார்ந்தே இருந்திருப்பார்? இப்போது தூங்குகிறாரா? இந்த ஆபரேஷனில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் அந்த வலி குறைவதுதான். கையின் உயரம் அதற்கு அடுத்ததுதான்.

அவருக்குக் கை எதற்கு வேண்டும் என்று கேட்டீர்களா? நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். மீன் அன்னக்கூடையைத் தலையில் ஏற்றுவதற்கு என்றால், அதை இப்போதே மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்: அந்த வேலை இனி வேண்டாம். பல டாக்டர்கள் ஆயுசுக்கும் 10 கிலோ அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள், அதுவும் இடுப்பு உயரத்தில். 20 லிட்டர் தண்ணீர் கேனே அதைப்போல இரண்டு மடங்கு. உட்கார்ந்து மீன் ஆய்வதற்கு என்றால், கை முன்னால்தான் இருக்கிறது, டாக்டர் சம்மதித்ததும் படிப்படியாக ஆரம்பிக்கலாம். தலை பின்னுவதற்கு என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கையை வெளிப்பக்கம் திருப்புகிற பின் தசை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சோறு பிசைந்து சாப்பிட, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, திருவொற்றியூரில் வடிவுடையம்மன் முன்னால் கும்பிட என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பழக்கலாம்.

அதனால் அடுத்த தடவை நீங்கள் எழுத வேண்டாம், தம்பி. அம்மாவையே பேசவைத்து ஓர் ஆடியோ அனுப்புங்கள். விழுந்து எலும்பு உடைந்து இந்த ஆபரேஷன் செய்தார்களா, பழைய தசைக் கிழிசலுக்கா என்பதையும் டாக்டரிடம் கேட்டுச் சேர்த்து அனுப்புங்கள். எலும்பு முறிவுக்கு என்றால் பயிற்சியை இன்னும் மெதுவாக எடுக்க வேண்டியிருக்கும். அதை வைத்து அடுத்த வீடியோவில் அம்மாவிடமே பேசுகிறேன்.