சேற்றைத் தேடி வரும் பூநாரைகள்

(திருவொற்றியூர்ப் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: பிள்ளையின் மனத்தில் நிற்பது ஆண்டுக்கொருமுறை போகும் நெடும்பயணமா, பருவந்தோறும் போய்வரும் குறும்பயணமா? குறும்பயணமே என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் தம் மகனை மணாலிக்கு அழைத்துப் போய்ப் பனியில் நிற்கவைத்த கதையை அழகாகச் சொன்னார். அதோடு முடித்திருக்கலாம். போகிற போக்கில் எங்கள் அணியைப் பார்த்து, "இவர்கள் குறும்பயணம் என்கிறார்களே, எங்கே போவார்கள்? கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் புகை, இறங்கினால் சேறு. சேற்றைக் காட்டவா பெற்ற பிள்ளையைக் கூட்டிப் போவது? காசில்லாதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் எழுதி வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன், ஐயா. அந்தச் சேற்றுக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

அண்ணன் சொன்ன சேறு எது என்று எனக்குத் தெரியும். அது பழவேற்காட்டுச் சேறு. என் மகள் எல்.கே.ஜி. படித்த ஆண்டில், இதே தை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு இந்தத் திருவொற்றியூர் நிலையத்தில்தான் வண்டி ஏறினேன். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு ரயிலில் பயணச்சீட்டு இல்லை. எண்ணூரைத் தாண்டி வண்டி கழிமுகத்துப் பாலத்தில் ஏறியதும், இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தவள், "ம்மா, ரயிலு கடல்ல போவுது!" என்று போட்ட கூச்சலில் அந்தப் பெட்டியே திரும்பிப் பார்த்தது. பொன்னேரியில் இறங்கி, பேருந்து பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஏரிக்கரையில் நின்று பார்த்தால், அண்ணன் சொன்னது உண்மைதான், முதலில் கண்ணில் படுவது சேறுதான். அந்தச் சேற்று நீரில் இடுப்பளவுக்கு அமர்ந்தபடியே இரண்டு பெண்கள் நகர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். பனையோலையில் பின்னிய பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் நீருக்கடியில் சேற்றைத் துழாவி, அகப்படும் இறாலை எடுத்துப் பறியில் போடுகிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, கை மட்டும்தான். "அந்த அக்காக்குக் கையே இல்லியாம்மா, ஏன் பைய வாயில வச்சிருக்காங்க?" என்று கேட்டாள் மகள். "கை உள்ளே எறா தேடுது பாப்பா" என்றேன். தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சற்றுத் தள்ளி, நீர் மின்னுகிற இடத்தில், வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு கோடு தெரிந்தது. பறவை பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் தம் பைனாகுலரைக் கழற்றி என் மகளின் கண்ணில் பிடித்தார். கோடு பறவைகளாகப் பிரிந்தது. அத்தனையும் பூநாரைகள். "ம்மா, அது ஏன் தலையக் கவுத்துப் போட்டுச் சாப்புடுது?" என்று கேட்டாள். பெரியவர் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்: "வீட்டுல அம்மா சல்லடையில மாவு சலிக்கிறாங்க இல்ல, அதுக்கு வாயே சல்லடை. அலகைத் தலைகீழா வச்சுச் சேத்துத் தண்ணிய இழுத்து வெளிய தள்ளும். பொடி எறாவும் பாசியும் உள்ள நிக்கும். அதுங்களத் தின்னுத் தின்னுதான் அந்த நிறமே வருது. குஞ்சா இருக்கும்போது சாம்பலாத்தான் இருக்கும்." அவ்வளவுதான் நடந்தது. புளிச்சோறு சாப்பிட்டோம், திரும்பினோம்.

நடந்தது அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன், ஐயா. மறுநாள் காலையில் ஆயா தோசை வார்த்துத் தட்டில் போட்டார். என் மகள் தட்டைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டாள். உச்சந்தலை தரையைத் தொடுகிற வரைக்கும் குனிந்து, முகத்தைக் கவிழ்த்துப்போட்டு, தோசையைக் கடித்தாள். ஆயா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஐயையோ, பொண்ணுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு, சுளுக்கு வழிக்கிறவர இட்டாங்கடா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். கவிழ்ந்த தலை கவிழ்ந்தபடியே பதில் சொன்னது: "சுளுக்கு இல்ல ஆயா, நான் பூநாரை."

இரவு அவள் அப்பா வேலை முடிந்து வந்தார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் மணிக்கணக்காக நின்று, முகமெல்லாம் தூசியாக வந்து உட்கார்ந்தார். மகள் அவர் முன்னால் ரசஞ்சோற்றை வைத்து, "இப்டி சாப்புடுப்பா, எறா மட்டும் உள்ள நிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். ரசத்தில் ஏது இறால்? ஆனாலும் அந்த மனிதர் குனிந்தார், ஐயா. நாள் முழுவதும் ஸ்டியரிங் பிடித்த முதுகை வளைத்து, தலையைக் கவிழ்த்து, மகள் சொன்னபடியே ஒரு வாய் வாங்கினார். மூக்கில் ரசம் ஏறித் தும்மிய தும்மலில் ஆயா மறுபடியும் ஓடிவந்தார்.

மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. "உங்க பொண்ணு ஒருத்தி தலைகீழா சாப்பிட்டாக்கூடப் பரவாயில்லம்மா, இப்ப வகுப்புல ஒரு பிள்ளைகூட நேரா சாப்பிட மாட்டேங்குது" என்றார் ஆசிரியை. டிபன் பாக்சைத் தரையில் வைத்து, கையைப் பின்னால் கட்டி, ஒற்றைக் காலைத் தூக்கி, வரிசையாக ஒரு வகுப்பே கவிழ்ந்து நின்றதை நினைத்துப் பாருங்கள்! என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நான் திகைத்து நிற்கும்போது, குரலைத் தாழ்த்தி அந்த ஆசிரியை கேட்டார்: "அந்தப் பறவை எங்கம்மா இருக்கு? எத்தனை மணிக்கு வண்டி?" அடுத்த தை மாதம் எங்களோடு அந்த ஆசிரியையும் அவர் பிள்ளைகளும் வந்தார்கள். அந்த முறை என் மகள் பைனாகுலரில் கண்ணை வைத்ததும் தேடியது சிவப்புப் பறவையை அல்ல. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நின்றவற்றைத் தேடினாள். "ம்மா, அதோ குட்டி. இன்னும் நெறைய எறா துன்னணும் அது" என்றாள். ஓராண்டுக்கு முன் ஒரு பெரியவர் சொன்ன சொல் அந்தப் பிஞ்சு மனத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

எதிரணி அண்ணனுக்கு இப்போது சொல்கிறேன். பூநாரைகள் இந்தியாவில் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் உப்புவெளியில். சிறகு முளைத்த பறவை. எந்த நீரில் வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனாலும் குளிர்காலம் வந்தால் ஆயிரக்கணக்கில் பழவேற்காட்டு ஏரியைத் தேடி வந்து, நீங்கள் முகம் சுளித்த அந்தச் சேற்றில்தான் இறங்குகின்றன. அந்தச் சேறு இருப்பதால்தான் பொடி இறால் இருக்கிறது, பறவை இருக்கிறது, பறியை வாயில் கடித்த அந்தப் பெண்களின் அடுப்பில் உலை இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி அது. அதன் கரையில் 1613இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த கோட்டை இன்று மேடாகக் கிடக்கிறது. ஏரி மட்டும் சேறும் நீருமாக அப்படியே இருக்கிறது.

அடுத்து, புகை என்றீர்கள். புகை இருக்கிறது, மணலியிலும் எண்ணூரிலும் வாழ்கிற நாங்கள் அதை எப்படி இல்லை என்போம்? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் கறுத்துப் பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்தீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து என் மகள், "இது நம்ம ரயிலு கடல்ல இருக்கிற பறவைதான?" என்று கேட்டாள். பனிமலையைப் பார்த்த பிள்ளை பனிமலைக்கு ஏங்கட்டும், தவறில்லை. தன் ஊர்க் கழிமுகத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைதான் நாளைக்கு அதற்காக எழுந்து நின்று ஏன் என்று கேட்கும்.

காசு என்ற சொல்லையும் சொன்னீர்கள். அண்ணே, உங்கள் வாயாலேயே ஒன்று வந்தது, அவையோர் கவனித்திருப்பீர்கள். மணாலியில் மகன் எதை மிகவும் விரும்பினான் என்று நடுவர் கேட்டதற்கு, "ஓட்டல் லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான்" என்று சொன்னீர்கள். அவன்மேல் பிழை சொல்ல மாட்டேன். சிறு பிள்ளை அப்படித்தான். பார்த்ததையே திரும்பவும் பார்க்க வேண்டும், போன இடத்துக்கே திரும்பவும் போக வேண்டும், கேட்ட கதையையே திரும்பவும் கேட்க வேண்டும். வளர்ந்த பிறகு நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முன் நடந்தது எதுவும் நினைவிருப்பதில்லை என்று மனநூலார் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். ஒருமுறை காட்டிய மலை போய்விடும். பருவந்தோறும் காட்டிய கடற்கரை தங்கிவிடும்.

காசிமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பிள்ளையை மாலை வேளையில் அங்கே கூட்டிப் போனால், விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். ஒருவர் பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார், ஒருவர் சாயம் அடித்துக்கொண்டிருப்பார், நிழலில் நாலு பேர் காலை நீட்டி வலை பின்னுவார்கள். "ஏன் யாரும் போவல?" என்று பிள்ளை கேட்கும், "மீன் முட்டை வைக்கிற காலம் பாப்பா, அதுக்கு லீவு விட்டிருக்காங்க" என்று அங்கிருப்பவரே சொல்வார். தடை முடிந்த பின் ஒரு விடிகாலையில் அதே பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள். ஏலக் குரலும் ஐஸ் உடைக்கிற சத்தமும் கூடைகளின் ஓட்டமும் பார்த்து அது வாய் பிளந்து நிற்கும். இடம் அதே இடம், காலந்தான் வேறு. நெடும்பயணம் போகிறவர்கள் ஓர் ஊரின் ஒரே ஒரு நாளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஆடியில் வேன் வைத்துக்கொண்டு பெரியபாளையத்துக்குப் போகாத குடும்பம் இந்தத் தெருக்களில் உண்டா? கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் ஆதிபுரீசுவரர் கவசம் களைந்து காட்சி கொடுக்கும்போது, பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டாத தகப்பன் இந்த ஊரில் உண்டா? தெற்கில் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதே நம் ராயபுரத்திலிருந்துதான், 1856 ஜூலை 1 அன்று; அந்த நிலையக் கட்டடத்தின் தூண்களை எண்ணச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எங்களை எந்த மலைக்கும் அழைத்துப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் சைக்கிள் பாரில் ஒரு துண்டை மடித்துச் சுற்றி, அதன்மேல் என்னை உட்காரவைத்து, காசிமேட்டுக்கு மிதிப்பார். எதிர்க்காற்று அடிக்கும், அவர் தாடை என் உச்சந்தலையில் இடிக்கும், அந்தச் சட்டையின் வியர்வையும் பீடியும் கலந்த வாசனை இப்போதும், இந்த மேடையிலும், எனக்கு வருகிறது. கடைசி நாட்களில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அம்மாவைத் தெரியவில்லை, என்னைத் தெரியவில்லை, பேத்தியின் பெயர் வரவில்லை. ஒரு மாலை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, காசிமேட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "எதிர்காத்து அடிக்கும் கண்ணு, துண்ட தலையில கட்டிக்கோ" என்றார். பெற்ற மகளின் முகம் அழிந்துபோன மனத்தில் அந்தச் சைக்கிளும் அந்தக் காற்றும் அழியவில்லை, ஐயா. பிள்ளை மனத்தில் எது நிற்கும் என்றுதானே தலைப்பு கேட்கிறது? பெற்றவர் மனத்திலும் அதுதான் நின்றது. இதற்கு மேல் வாதம் செய்ய எனக்குத் தெரியவில்லை.

அண்ணே, உங்களிடம் எனக்குக் கோபமில்லை. பூநாரைகள் இப்போது ஏரியில்தான் இருக்கின்றன. வருகிற ஞாயிறு காலை திருவொற்றியூர் நிலையத்தில் நாங்கள் வண்டி ஏறுகிறோம். உங்கள் மகனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். புளிச்சோறு நான் கட்டிக்கொண்டு வருகிறேன். பையனுக்கு ஒரு செட் மாற்றுத்துணி மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள், சேற்றில் இறங்காமல் திரும்ப மாட்டான்.

வணக்கம்.