இடுப்புச் சுற்றளவும் மூளை நலமும்

நேயர்களுக்கு என் வணக்கம். உடற்பருமன் இதயத்தைப் பாதிக்கும், சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்பது இன்று அனேகமாக எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உடலில் சேரும் கொழுப்புக்கும் மூளையின் நலத்துக்கும் உள்ள தொடர்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும், பருமனானவர்களுக்கு மறதிநோய் வரும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பாதிதான் உண்மை. மூளையைப் பொறுத்தவரை, கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது உடலின் எந்த இடத்தில், எந்த வயதில் சேர்கிறது என்பதே முக்கியம்.

கொழுப்பு என்ற பொருளையே பகையாக நினைத்துவிடக் கூடாது. நீரை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் மூளையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு கொழுப்புப் பொருள்கள்தாம். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறைக்கும் கொழுப்பே அடிப்படை. நாம் கவலைப்பட வேண்டியது குடல், கல்லீரல் ஆகியவற்றைச் சூழ்ந்து வயிற்றுக்குள் படியும் உள்ளுறுப்புக் கொழுப்பைப் பற்றித்தான். தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தீங்கு செய்வதில்லை.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் நெடுங்காலம் மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. 1994இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்த பிறகு அந்த எண்ணம் மாறியது. உடலில் போதிய சேமிப்பு இருக்கிறது என்று லெப்டின் மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதிக்குத் தெரிவிக்கிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. பருமன் கூடும்போது இரத்தத்தில் லெப்டின் பெருகினாலும் மூளை அதற்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுகிறது. இன்சுலின் விஷயத்திலும் இதே கதைதான்.

உள்ளுறுப்புக் கொழுப்பு இன்னொரு வழியிலும் தீங்கு செய்கிறது. அதில் குடியேறும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைத் தொடர்ந்து இரத்தத்தில் கலக்கின்றன. வலியோ காய்ச்சலோ இல்லாத இந்த மெல்லிய அழற்சி, உயர் இரத்த அழுத்தத்தோடும் சர்க்கரையோடும் சேர்ந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் மூளையின் நுண்குழாய்களைத் தளரச் செய்கிறது. அதன் விளைவாக நரம்பிழைகள் செறிந்த வெண்பகுதியில் சிறு சிறு சேதங்கள் உண்டாகின்றன. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. இரத்த ஓட்டத்தை இவ்வளவு நம்பியிருக்கும் உறுப்பு, குழாய்கள் கெட்டால் தப்பிக்க வழியில்லை.

மனிதர்களிடம் இதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. வடக்குக் கலிஃபோர்னியாவில் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும், 40 முதல் 45 வயதுக்குள் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வயிற்றுத் தடிப்பை, அதாவது முதுகிலிருந்து வயிற்றின் முன்பக்கம் வரையிலான அளவை, எடுத்து வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் யாருக்கு மறதிநோய் வந்தது என்று பார்த்தபோது, வயிறு மிகவும் பெருத்திருந்த பிரிவினருக்கு, மிகச் சிறிய வயிறு கொண்ட பிரிவினரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆபத்து இருந்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி: எடை இயல்பாக இருந்து வயிறு மட்டும் பெருத்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. எடைபார்க்கும் கருவியின் மேல் நின்று நிம்மதி அடைபவர்களில் ஒரு பகுதியினர் ஏமாந்துபோகிறார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் எடையைக் குறித்துக்கொள்ளும் வேகத்தில் அளவுநாடாவைக் கையில் எடுப்பதில்லை.

அடுத்து வயது. பிரிட்டனில் ஏறக்குறைய இருபது லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, பருமனானவர்களுக்கு மறதிநோய் குறைவாகவும் மெலிந்தவர்களுக்கு மிகுதியாகவும் வருகிறது என்று காட்டியது. அப்படியானால் பருமன் மூளைக்குக் காவலா? இந்த முரணைப் புரிந்துகொள்ள, லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் ஆய்வு உதவியது. 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் ஆபத்து கூடியிருந்தது. 60இலும் 70இலும் அளந்த பருமனுக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. நோய் வந்தவர்களின் எடை, அது கண்டறியப்படுவதற்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மூளையில் தொடங்கிவிட்ட நோய், பசியையும் உணவுப் பழக்கத்தையும் குலைத்து உடலை மெலியச் செய்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அந்த மெலிவை நோய்க்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இவை எல்லாம் மக்களின் வாழ்வில் குறுக்கிடாமல், நடப்பதைக் கவனித்துப் பதிவுசெய்த ஆய்வுகள். கொழுப்பைக் குறைத்தால் நோய் தடைபடும் என்று இவற்றை மட்டும் வைத்து உறுதி கூற முடியாது. எடையைக் குறைக்கும் செமாகுளுடைட் மருந்தை, மறதிநோயில் மிகுதியாகக் காணப்படும் வகையான அல்சைமரின் தொடக்கநிலையில் உள்ள நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளில் நோயின் வேகம் தணியவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. நடுவயதில் பல ஆண்டுகளாக நடந்த சேதத்தை நோய் வெளிப்பட்ட பிறகு மாற்றுவது கடினம். மாறாக, 60 வயதைக் கடந்த 1,260 பேரிடம் ஃபின்லாந்தில் நடத்தப்பட்ட சோதனையில், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கையாண்டபோது, இரண்டே ஆண்டுகளில் சிந்தனைத் திறனில் சிறிய, ஆனால் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது.

ஆகவே முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள், இடுப்புச் சுற்றளவு தம் உயரத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 80 என்பதே எல்லை. எழுபதைக் கடந்தவர்களுக்கு இதே அறிவுரையை அப்படியே சொல்ல மாட்டேன். அந்த வயதில் உணவைக் கடுமையாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைந்து, விழுந்து அடிபடும் வாய்ப்பு கூடும். முயற்சி எதுவும் இல்லாமலே ஒரு முதியவரின் எடை சில மாதங்களில் இறங்கினால், உடம்பு இளைத்தது நல்லதுதான் என்று விட்டுவிடாமல், தைராய்டு, சர்க்கரை, பற்கள், மனச்சோர்வு ஆகியவற்றோடு அவருடைய நினைவாற்றலையும் சோதித்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.