அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினர் கூடிய ஒரு கூட்டத்தில் மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அக்கா தங்கைகளே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

குடிக்கிறவரைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அவரைப் பற்றிப் பேசாத வீடும் இல்லை, கூட்டமும் இல்லை. அவரோடு ஒரே வீட்டில் இருப்பவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் சிகிச்சைக்கு வராவிட்டாலும் நீங்கள் உங்களுக்காக மருத்துவரிடம் போகலாம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் கன்னியக்கோயில் பக்கம் போய்ப் புதுவைச் சரக்கைக் குடித்துவிட்டு வருகிற ஒருவர். அவருடைய மனைவிக்கு இரவு எட்டு மணியிலிருந்தே காது தெருவில்தான் இருக்கும். வண்டி வந்து நிற்கிற சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். பிள்ளைகளை முன்கூட்டியே படுக்க வைத்திருப்பார். மறுநாள் காலையில் சிப்காட் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் செய்து, "அவருக்குக் காய்ச்சல்" என்பார். அவர் வாங்கிய கைமாற்றை அடைக்கக் குழுவில் தன் பெயரில் கடன் எடுப்பார். அக்கம்பக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு நல்ல பெயர். பொறுமைசாலி, குடும்பத்தைக் கட்டிக் காப்பவள் என்பார்கள். அந்த நல்ல பெயருக்குள் ஒரு மனுஷி தேய்ந்துகொண்டே போகிறாள் என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

குடி இல்லாத வீடுகளிலும் இது உண்டு. முப்பது வயது மகனின் ஆன்லைன் சூதாட்டக் கடனைத் தன் நகையை வைத்து மூன்றாவது முறை அடைக்கிற அம்மா. "நீ விட்டுப் போனால் செத்துவிடுவேன்" என்ற ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு நண்பர்களையும் படிப்பையும் விட்டுவிட்ட இளைஞன். தம்பி கோபித்துக்கொள்வானோ என்று தன் கல்யாணத்தையே தள்ளிப் போடுகிற அண்ணன். இன்னொருவரைச் சரிசெய்வதும் சமாளிப்பதுமே முழுநேர வேலையாகி, தனக்கென்று பசி, தூக்கம், ஆசை, கருத்து எதுவும் இல்லாமல் போகிற நிலை இது. உளவியலில் இதை இணைச்சார்பு என்கிறோம். ஆங்கிலத்தில் கோடிபென்டென்சி.

இது முதலில் கண்ணில் பட்டது குடிநோயாளிகளின் வீடுகளில்தான். குடியிலிருந்து மீள்பவர்களின் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அவர்களுடைய மனைவிமார்கள் தங்களுக்கும் ஒரு மீட்சி தேவை என்று உணர்ந்து 1951-இல் அல்-அனான் என்ற குடும்பக் குழுக்களை அமைத்தார்கள். நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளையின் குடிநோய் சிகிச்சை மையமான டி.டி.கே. மருத்துவமனையும், குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தினருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வகுத்தது. அந்த அணுகுமுறை எத்தனையோ வீடுகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது நோயல்ல. கூட்டுக் குடும்பமாக ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்வதும் நோயல்ல. மேல்நாட்டு அளவுகோலை அப்படியே கொண்டுவந்து நம் அம்மாக்களுக்கெல்லாம் முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நீங்கள் செய்யும் உதவியால் அவருடைய பிரச்சினை குறைகிறதா, தொடர வசதியாகிறதா? பயமில்லாமல் "முடியாது" என்று உங்களால் சொல்ல முடியுமா? உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை. மீன் விற்கும் ஓர் அக்கா. கணவர் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார் என்று வாரக் கணக்கைத் துல்லியமாகச் சொன்னார். இரத்தக் கொதிப்பு மாத்திரையை நீங்கள் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாகிறது என்பதும் தெரியவில்லை. அன்று அவருடைய கணவரைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை. அந்த அக்காவுக்கு மாத்திரை வாங்குவதில்தான் எங்கள் வேலை தொடங்கியது.

அடி உதை இருக்கிற வீடு வேறு. அங்கே அடி வாங்குகிறவரிடம் போய் "நீதான் அவரைச் சார்ந்திருக்கிறாய்" என்பது அநியாயம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அடிக்கிறவரோடு சேர்ந்து உட்கார்ந்து ஆலோசனை பெறச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறையில் நீங்கள் வாய்திறந்து சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும்.

சரி, யாரிடம் போவது? மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்கள் குடும்பத்தையும் சூழலையும் சேர்த்துப் பார்ப்போம். 'கவுன்சலிங்' என்ற பலகையை மட்டும் வைத்திருப்பவரிடம் என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

பணம் இல்லையே என்று நினைக்காதீர்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி. புதுவையில் கோரிமேட்டு ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்தைச் சரியாகச் சொல்லுங்கள்: "என் வீட்டுக்காரருக்காக வரவில்லை, எனக்காக வந்திருக்கிறேன்." பிறகு தூக்கம், படபடப்பு, அழுகை, சாப்பாடு எல்லாவற்றையும் சொல்லுங்கள். சீட்டில் இணைச்சார்பு என்று எழுதமாட்டார். மருத்துவர்கள் பின்பற்றும் நோய்ப் பட்டியல்களில் அது தனி நோயாக இல்லை. மனச்சோர்வா, பதற்றமா, பழைய மனக்காயமா என்றுதான் பார்ப்பார். மருந்து தந்தால் அவற்றுக்காகத்தான். மற்றது பேச்சில் நடக்க வேண்டிய வேலை. நீங்கள் சொல்வதை வெளியே சொல்லாமல் காப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகளைத் தவிர, உங்கள் கணவரே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது.

நல்ல ஆலோசகர் எடுத்த எடுப்பில் "விட்டுவிட்டு வா" என்று சொல்லமாட்டார். "பொறுத்துப் போ" என்றும் சொல்லமாட்டார். சின்னதாக ஒன்றைத் தொடங்கச் சொல்வார். இந்த வாரம் சூப்பர்வைசருக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள், அவரே செய்யட்டும் என்பார். அன்று உங்களுக்குக் குற்ற உணர்ச்சி நெஞ்சை அடைக்கும். வீட்டில் சத்தமும் கொஞ்சம் கூடும். நீங்கள் மாறுவதை வீடு உடனே ஏற்றுக்கொள்ளாது என்பதால்தான் இதைத் தனியாகச் செய்யாமல் ஒருவரின் துணையோடு செய்யச் சொல்கிறேன்.

இரண்டு விஷயங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குடியை நிறுத்த என்று சாப்பாட்டில் தெரியாமல் கலக்கிற பொடியை வாங்காதீர்கள். அதில் குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து இருந்து, அதை உட்கொண்டது தெரியாமல் அவர் மது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தினமும் மிகுதியாகக் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தவும் முயலாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம். அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது. குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ள அவர் முன்வந்தால் மகிழ்ச்சிதான். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொள்ளட்டும்.

"செத்துவிடுவேன்" என்று யாராவது சொன்னால் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் இரவெல்லாம் நீங்கள் ஒருவரே காவல் இருப்பதும் தீர்வல்ல. 14416-ஐ அழையுங்கள், உறவினரைக் கூப்பிடுங்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து காலம் தாழ்த்த வேண்டாம்.

(உரை முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "வீட்டில் என்ன சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது?" என்று கேட்டார்.)

உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள் அம்மா. மாதக்கணக்கில் தூக்கமில்லை என்றால் உடம்பு சரியில்லை என்றுதானே அர்த்தம்? முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். உங்கள் குழுவில் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். யாரும் அமையாவிட்டால் கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வாருங்கள். எந்தக் கிழமை போகலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்வோம்.