சீவாவுக்குச் சொந்தம் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

எகிப்தின் மேற்குக் கோடியில், லிபிய எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், சீவா என்றொரு பாலைவனச் சோலை. பேரீச்சை, ஆலிவ், உப்பு ஏரிகள். உப்பு மண்ணால் கட்டிய ஷாலி என்ற பழைய கோட்டை. மக்கள் வீட்டில் பேசுவது அரபி அல்ல, சீவி. மொரோக்கோ தொடங்கி வட ஆப்பிரிக்கா நெடுகப் பேசப்படும் பெர்பர் மொழிகளின் கிழக்கு எல்லை இதுதான்.

சீவிக்கு நெருங்கிய சொந்தம் எது? வரைபடத்தைப் பார்த்தால், மேற்கே லிபியாவில் இருக்கும் ஔஜிலா. இரண்டையும் 'கிழக்குப் பெர்பர்' என்று ஒரே கட்டாகக் கட்டியவர்கள் உண்டு. ஆனால் காது வேறு கதை சொல்கிறது. பெர்பர் மொழிகளுக்கெல்லாம் தாயான மூலமொழியில் 'வ' போன்ற ஓர் ஒலி இருந்தது. பெரும்பாலான இடங்களில் அது உதிர்ந்துவிட்டது. இரவைப் பல ஊர்களில் 'இட்' என்பார்கள், ஔஜிலாவில் 'அவட்'. எத்தனை நூற்றாண்டுப் பழைய ஒலி! அதைக் காத்து வைத்திருக்கும் இன்னொரு ஊர், தொலைவில் துனீசிய, அல்ஜீரிய எல்லையை ஒட்டிய கதாமெஸ். பக்கத்துச் சீவாவில் அது இல்லை.

சரி, 'கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அல்ஜீரியாவின் கபீல் மலைகளில் 'அஃபுஸ்'. சீவாவில் முன்னால் இருக்கும் 'அ' விழுந்து வெறும் 'ஃபுஸ்'. மேற்கே அல்ஜீரியாவின் ம்ஸாப், மொரோக்கோவின் ஃபிகிக் சோலைகளிலும் அப்படித்தான். லமீன் சுவாக் என்ற மொழியியலாளர் சீவியை மேற்கு லிபியாவின் நஃபூசா, நடு லிபியாவின் சோக்னா பேச்சுகளோடு சேர்க்கிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மணல்வெளி ஊர்களைப் பிரிக்கும் சுவராக மட்டும் இருக்கவில்லை. ஒட்டக வணிகம் போன பாதையும் அதுதான். ஆட்கள் வந்து குடியேறினார்கள், பேச்சும் கூடவே வந்தது.

அரபியும் சேர்ந்துகொண்டது. சீவியில் எண்ணும்போது ஒன்றும் இரண்டும் பெர்பர், மூன்றிலிருந்து அரபி. கடன் வாங்கிய சொல்லைக் கணக்கில் எடுத்தால் உறவு தப்பாகிவிடும். அதனால்தான் வகைப்படுத்துபவர்கள் ஒலியையும் இலக்கணத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். அதிலும், புதிதாக ஏற்பட்ட ஒரே மாற்றத்தை எந்த ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன என்பதே முக்கியம்.

சோக்னாவின் பேச்சு இன்று இல்லை. 1920-களில் ஓர் இத்தாலியர் எழுதி வைத்ததைத்தான் பெரிதும் புரட்ட வேண்டியிருக்கிறது. ஔஜிலாவில் இன்னும் பேசுபவர்கள் இருக்கிறார்கள், அந்த 'வ'வை இப்போதும் காதால் கேட்கலாம். ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போக வேண்டிய நேரம் இதுதான்.

நன்றி, வணக்கம்.