இரவல் வசவு

வணக்கமுங்க. கெட்ட வார்த்தையைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் கெட்ட வார்த்தை ஒன்றும் வாயில் வந்துவிடக் கூடாது என்று சொல்லித்தான் என்னை இந்த மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். முடிந்தவரை பார்க்கிறேன். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போனவன் நான், 22 வருசம் ஆகிறது, படிப்புக்கும் பிழைப்புக்கும் சம்பந்தமே இல்லையே என்று வீட்டில் இன்னும் ஆதங்கப்படுகிறார்கள், ஆனால் திசைச்சொல் என்றால் என்ன என்பது வகுப்பில் புரிந்ததைவிட ஓவர்லாக் மிஷின் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்கு அதிகம் புரிந்தது.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் பக்கத்துக்காரர், பெருந்துறையை அடுத்த சீனாபுரம்தான் அவர் ஊர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த 12 நாடு, தமிழ் வழங்காத 17 நாடு, இங்கிருந்தெல்லாம் தம் குறிப்போடு, அதாவது தம் பொருளோடு, வந்து சேர்வது திசைச்சொல் என்று சுமார் 800 வருசத்துக்கு முன்னால் எழுதி வைத்தார் மனுசன். அந்த 17 நாடு எவை என்று ஒரு பழைய பாட்டும் உண்டு. அதில் சிங்களம், துளு, கன்னடம், தெலுங்கம் எல்லாம் வரும், கலிங்கமும் வங்கமும் வரும். எங்கள் கம்பெனியில் இன்றைக்குக் கைமடிக்கு (டெய்லருக்குக் கை உதவி) நிற்பவர்களில், செக்கிங்கில், அயர்னிங்கில் பாதிப் பேர் கலிங்கத்தார், மீதியில் பாதி வங்கத்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் பாட்டு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

எனக்குச் சிக்கல் அந்தத் 'தம் குறிப்பு' என்பதில்தான். மற்ற சொல்லெல்லாம் பொருளோடு வரலாம், வசவு அப்படி வருவதில்லை. சத்தம் மட்டும் வண்டியேறி வந்துவிடும், சூடு சொந்த ஊரிலேயே தங்கிவிடும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மெட்ராஸ் பாசை எங்களுக்கு சினிமா வழியாக வந்து சேர்ந்தது. கஸ்மாலம், சோமாரி, பேஜார், பேமானி. அர்த்தம் யாருக்கும் தெரியாது, தெரியாததால்தான் இனித்தது. ஒருநாள் அத்தையைப் பார்த்துக் கஸ்மாலம் என்றேன். "அதென்ன கண்ணு, பலகாரமா?" என்று கேட்டது அத்தை. அது சமஸ்கிருதச் சொல், கீதையில் சோர்ந்து உட்கார்ந்த அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் கேட்கிற கேள்வியிலேயே அது இருக்கிறது என்று கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தபோது அத்தை சொன்ன அர்த்தமே மேல் என்று பட்டது. சோமாரி தெலுங்குச் சோம்பேறி. அதை விடுங்கள்.

பேமானிதான் என்னை மாட்டிவிட்டது. எங்கள் வீதிக் கோடியில் குடை, பூட்டு ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவர் இருந்தார், வீட்டில் உருது பேசுகிற குடும்பம். அவர் பேரனும் நானும் கோலிக்குண்டு ஆடும்போது அவன் கோட்டைக் காலால் நகர்த்திவிட்டான். நான் முழுத்தொண்டையில் "டேய் பேமானி!" என்றேன். அதைவிட மோசமாக எத்தனையோ தமிழில் சொல்லியிருக்கிறேன், பெரியவர் அதுவரைக்கும் தலை நிமிர்ந்ததில்லை. அன்றைக்குக் கையிலிருந்த குடைக்கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "ஈமான்னா என்னன்னு தெரியுங்களா தம்பி? நம்பிக்கை. அது இல்லாதவன்னு சொல்லிப்போட்டீங்க. வேற என்ன வேணாலும் சொல்லுங்க, அது வேண்டாம்" என்றார். அந்த 'தெரியுங்களா'வில் நான் ஒடுங்கிப் போனேன். எங்கள் ஊரில் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதற்குக்கூடப் பேமானி என்பார்கள், அவர் வீட்டு வாசலில் அந்தச் சொல்லுக்கு வேறு எடை.

எங்களிடம் சொந்தமாக வசவு இல்லையா என்று கேட்டால், தாராளமாக இருக்கிறது. என் அப்புச்சி வீட்டில் ஆத்தா கோழியையும் என்னையும் ஒரே சொல்லால்தான் விரட்டும், "கழிச்சல்ல போக!" வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டோடு கோழி போய்விடும் என்பது தெரிந்தவர்களுக்கு அது லேசான சொல் இல்லை. பன்னாடை என்று வாத்தியார் திட்டுவாரே, அதுவும் நம் சரக்குதான். கடை மாணாக்கருக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று நாலு உவமை சொல்கிறார் பவணந்தி, நெய்யரி என்றால் பன்னாடை, நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிற சாமான். ஆக எருமை என்று திட்டு வாங்கியவர்களும் நன்னூல் படித்தவர்கள்தான். புறம்போக்கு, தீர்வை இல்லாத நிலத்துக்கு ரெவின்யூக் கணக்கில் இருக்கிற பெயர், அதையும் இழுத்து மனுசன் மேல் போட்டாயிற்று. இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு நான் உதாரணம் சொல்லப் போவதில்லை: 1871-இல் வந்து 1911-இல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் நீண்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தில் சிக்கிய ஜனங்களின் பெயரையே வசவாக்கி, சட்டம் ஒழிந்து இத்தனை காலமான பிறகும் காமெடி என்று சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் கொங்குப் பக்கம் உறைக்கிற திட்டு இதெல்லாம் இல்லைங்க. 'வாங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் 'வா' என்றால் அதுதான் திட்டு. அதைவிட மோசம், மரியாதையை விடாமலே "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்று கேட்பது. 2003-இல் வந்த ஒரு ஆய்வில், துருக்கி மொழி பேசி வளர்ந்து பின்னால் ஆங்கிலம் கற்றுக்கொண்டவர்களின் விரலில் கருவி மாட்டி, கெட்ட வார்த்தைகளையும் சின்ன வயசில் பெரியவர்கள் கண்டிக்கிற சொற்களையும் இரண்டு மொழியிலும் கொடுத்து, எதற்கு அதிகம் வியர்க்கிறது என்று பார்த்தார்கள். தாய்மொழிக்குத்தான் வியர்த்தது, அதிலும் அந்தக் கண்டிப்புச் சொல்லில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரன் விரலில் கருவி மாட்டி அந்த 'அறிவு இருக்குதுங்களா'வைக் கேட்டிருந்தால் முள் உடைந்திருக்கும்.

இப்போது கம்பெனிக்கு வருகிறேன். வடக்கத்திப் பையன்களுக்குள் சண்டை வந்தால் முதலில் தெறிப்பது 'சாலா'. ஹிந்தி, வங்காளி, ஒடியா மூன்றிலும் கொஞ்சம் உச்சரிப்பு மாறி அதே சொல். ஒருநாள் கட்டிங் டேபிள் பக்கம் இரண்டு பேர் அந்தச் சொல்லுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ள, எங்கள் கட்டிங் மாஸ்டர் ஓடி விலக்கிவிட்டு அப்படி என்னடா சொன்னான் என்று கேட்டார். பொண்டாட்டியின் அண்ணன் தம்பி என்றார்கள். "மச்சானா! மச்சான்னு சொன்னதுக்கா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் சண்டை நின்றே போனது. உன் அக்கா தங்கை என் கையில் என்று அவர்களுக்கு அதில் தொனிக்கிறது, முறை பார்த்து மாமன் மகளைக் கட்டுகிற நமக்கு மச்சான் என்றால் உரிமை, தோளில் கை போடுகிற சொல். (எங்கள் ஊரில் ரத்தம் கொதிக்க வேண்டுமென்றால் பங்காளி என்று சொல்ல வேண்டும். வரப்புத் தகராறு பூராவும் அவனோடுதானே.) அன்று முதல் தமிழ் டெய்லர்கள் எல்லாம் ஒருவரையொருவர் சாலா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் அந்தப் பையன்கள் நெளிகிறார்கள்.

இரவல் இந்தப் பக்கமிருந்தும் போகிறது. ஒடிசாவிலிருந்து ஒரு பையன் கைமடிக்கு வந்தான். எங்கள் சூப்பர்வைசருக்கு எதை எடுத்தாலும் 'எளவு'. அந்த எளவ எடு, இந்த எளவ அங்க வை, எளவு இன்னும் வரலையா? நாலு மாதம் இதைக் கேட்டுக் கேட்டு, தைத்த துணிக் கட்டுக்குத் தமிழில் எளவு என்றுதான் பெயர் என்று அந்தப் பையன் முடிவு பண்ணிவிட்டான். முதலாளியின் பெரியப்பா தவறிப்போய், காரியமெல்லாம் முடித்து மொட்டைத் தலையோடு அவர் கம்பெனிக்கு வந்த முதல் நாள். பையன் நெஞ்சு வரைக்கும் கட்டை அணைத்துக்கொண்டு எதிரே போய், நல்ல மரியாதையோடு, "அண்ணா, எளவு எங்கே வைக்கறதுங்க?" என்றான். மிஷின் ஒவ்வொன்றாக நின்றது. முதலாளி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார், அப்புறம் பேசாமல் ரேக்கைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சூப்பர்வைசர் ஒரு வாரத்துக்குப் பண்டல் பண்டல் என்று சொல்லிப் பார்த்தார். எட்டாம் நாள் பழைய எளவே திரும்பி வந்துவிட்டது.

அந்தப் பையன் வந்து 6 வருசம் ஆகிறது, இப்போது அவனே டெய்லர். போன வாரம் டீ நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான், தம்பியிடம் ஏதோ பணத் தகராறு போல, ஒடியா கடகடவென்று ஓடியது, எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நடுவில் மூச்சு வாங்கி, நெற்றியில் அடித்துக்கொண்டு, "அட எளவே!" என்றான். பிறகு மறுபடி ஒடியா.