யோசிச்சு சொன்ன பாஸ்

வணக்கம். போன வாரம் வந்த ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "நானும் என் பார்ட்னரும் பத்து வருஷமா பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடறோம். நான் ரொம்ப நேரம் யோசிச்சு பாஸ் (ஏலம் கேட்கலைன்னு) சொன்னா, கையில ஏதோ இருக்குன்னு அவர் புரிஞ்சுக்குவார். இது தப்பா?"

யோசிக்கிறது தப்பில்லைங்க. அந்த யோசனையைப் பார்த்து பார்ட்னர் தன் ஏலத்தை, அதாவது எத்தனை பிடி எடுப்போம்னு சொல்றதை, முடிவு பண்ணினா, அது தப்பு. பிரிட்ஜ் சட்டத்தோட 16ஆம் விதி அதை விடாது. பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் அடிக்கடி சொல்றதுதான்: பிரிட்ஜுல மொத்தமே 15 வார்த்தை. ஒண்ணு முதல் ஏழு வரை எண், நாலு இனம், நோ டிரம்ப் (துருப்பு இல்லாம ஆடறது), பாஸ், டபுள், ரீடபுள். பதினாறாவதா பெருமூச்சை நுழைக்கக் கூடாது. 1975ல பெர்முடா உலகப் போட்டியில பார்ட்னர் முகமே தெரியாதபடி மேஜைக்குக் குறுக்கே திரை வெச்சாங்க. ஒரு ஜோடி கால் அசைச்சு மாட்டினதும் மேஜைக்கு அடியிலயும் தடுப்பு வந்தது!

ஆனா, பெருமூச்சு எதுக்குத் தேவைப்படுது? அந்த 15 வார்த்தைக்கும் என்ன அர்த்தம்னு முன்கூட்டியே பேசி வைக்காததாலதான். என் கதையையே சொல்றேன். பார்ட்னர் ஒன் நோ டிரம்ப் சொன்னார், அதாவது கையில இருக்கற பெரிய சீட்டுகளுக்கு 15லேர்ந்து 17 பாயின்ட். என் கையில 16. ஃபோர் நோ டிரம்ப் சொன்னேன். 'உங்ககிட்ட 17 இருந்தா ஆறு சொல்லுங்க, இல்லேன்னா பாஸ்'னு அர்த்தம். அவர் பிளாக்வுட்னு நினைச்சுட்டார். எத்தனை ஏஸ்னு கேட்கறேனாம்! ஃபைவ் ஹார்ட்ஸ்னார், ரெண்டு ஏஸ். சரி, இங்கேயே நிறுத்துவோம்னு நான் ஃபைவ் நோ டிரம்ப் சொன்னா, அது ராஜாவைக் கேட்கறதா ஆயிடுச்சு. சிக்ஸ் டைமண்ட்ஸ், ஒரு ராஜா. வேற வழியில்லாம சிக்ஸ் நோ டிரம்ப் போனேன். அவர்கிட்ட இருந்தது வெறும் 15. ஒரு பிடி குறைஞ்சு தோத்தோம். ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை. துருப்பு முடிவாகாதப்போ ஃபோர் நோ டிரம்ப்புக்கு என்ன அர்த்தம்னு ஒரு நாளும் பேசிக்கலை, அவ்வளவுதான்.

அதனால நேயரே, நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது, 'நாங்க எதைப் பேசி வெச்சுக்கணும்?'னுதான். இன்னிக்கு சாயந்திரமே ரெண்டு பேரும் ஒரு தாளை எடுத்துக்கிட்டு உட்காருங்க. முதல் வரி இது: நம்ம ஒன் நோ டிரம்ப்பை எதிராளி டபுள் பண்ணினா, அப்புறம் வர்ற டூ கிளப்ஸ் இன்னும் ஸ்டேமன்தானா (ஹார்ட்ஸோ ஸ்பேட்ஸோ நாலு சீட்டு இருக்கான்னு கேட்கறது), இல்லை நிஜமாவே கிளப்ஸா?